கரியில் ஒளி கண்ட சர் ஹம்ப்ரி டேவி

மாலை மங்கும் நேரத்தில் நம் இல்லங்களில் இருவகை விளக்குகள் ஒளிர்கின்றன. ஒன்று, எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றப்படும் குத்துவிளக்கு. மற்றொன்று, சுவரிலுள்ள விசையைத் தட்டியதும் ஒளிவிடும் மின்விளக்கு. முன்னதில் எண்ணெய் எரிகிறது. பின்னதில் எரிவது ஒன்றுமில்லை. எனினும் விளக்கு எரிகிறது என்றே இரண்டையும் நாம் தமிழில் சொல்லி வருகிறோம். பேச்சு வழக்கில் ஒன்றாகிவிட்ட இவ்விரண்டு ஒளிகளுக்கும் இயற்கையில் உறவு உண்டோ என்னும் வினா, ஒரு மேதையின் வாழ்வில் இளமை முதலே இடம்பெற்றிருந்தது. அவரே சர் ஹம்ப்ரி டேவி. நம்மில் பலர் அப்பெயரைப் பள்ளிப் பாடத்தில், சுரங்கத் தொழிலாளர் ஏந்தும் கைவிளக்கின் படத்தோடு படித்துப் பின்னர் மறந்திருப்போம். அவ்விளக்கு அவர் வாழ்வின் ஒரு பகுதியே. அதற்கு முன்னரே அவர் ஏற்றிக் காட்டிய மற்றொரு விளக்கு, கண்ணைப் பறிக்கும் பேரொளி வாய்ந்தது. ஆயினும் அவர் காலத்தில் அது எவர் வீட்டுக்கும் ஒளி தரவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் பகுதி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அங்குள்ள பென்சான்ஸ் என்ற சிற்றூரில் 1778 டிசம்பர் 17 அன்று டேவி பிறந்தார். தந்தை ராபர்ட் டேவி மரச் சிற்பவேலை செய்பவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் ஹம்ப்ரி. 1794-இல் தந்தை கடன் சுமையை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டே, ஊரில் மருத்துவத் தொழில் நடத்திவந்த போர்லேஸ் என்பவரிடம் டேவி தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். மருந்து இடிப்பதும் கலப்பதுமே வேலை. ஆனால் மருந்துக்கூடத்துச் சாடிகளும் அமிலங்களும் அவ்விளைஞருக்கு வேறொரு வாயிலைத் திறந்துவிட்டன. கல்லூரி வாயிலை மிதியாமலே, தாமே வகுத்துக்கொண்ட பாடத்திட்டத்தின்படி மொழிகளும் கணிதமும் தத்துவமும் கற்றார். 1797-இன் இறுதியில் இரசாயனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது அவர் கையில் கிடைத்தது பிரெஞ்சுப் பேரறிஞர் லவாசியே எழுதிய இரசாயன நூல். 1789-இல் வெளியான அந்நூலில் லவாசியே மூலப்பொருள்களின் பட்டியல் ஒன்றைத் தந்து, அதில் ஒளியையும் ஒரு மூலப்பொருளாக வைத்திருந்தார். ஆக்சிஜனும் கந்தகமும் பொருள்களாவது போல ஒளியும் ஒரு பொருள் என்பது கருத்து. பத்தொன்பது வயது டேவி இதனை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்க முற்பட்டார். துப்பாக்கியின் சக்கிமுக்கி விசையை, காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கலத்தினுள் வைத்து முடுக்கினார். கல் எஃகை உரசியது, பொறி பறக்கவில்லை. ஆகவே ஒளி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து கிடக்கிறது, எரியும்போது பிரிந்து வெளிப்படுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். உண்மை வேறு. கல் சீவியெடுக்கும் எஃகுத் துகள் சூடேறிக் காற்றில் எரிவதாலேயே பொறி உண்டாகிறது. காற்றில்லையேல் எரிதல் இல்லை, பொறியும் இல்லை. சோதனை நன்று, முடிவு தவறு. 1799-இல் அச்சேறிய அக்கட்டுரையைக் குறித்து டேவி பின்னாளில் நாணினார். ஆனால் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் மகன் கிரெகரி வாட், உடல்நலம் நாடி வந்து டேவியின் தாயார் வீட்டில் தங்கியிருந்தார். அவரும் வேறு சில அன்பர்களும் இளைஞரின் திறமையைக் கண்டு பரிந்துரைக்க, 1798 அக்டோபரில் டேவி பிரிஸ்டல் நகரை அடைந்தார். பெடோஸ் என்னும் மருத்துவர் அங்கே வாயுக்களால் நோய் தீர்க்கும் நிலையம் ஒன்றை அமைத்திருந்தார். வாயுக்களைத் தயாரித்து ஆராயும் பொறுப்பு டேவியுடையது. அவரோ ஒவ்வொன்றையும் தாமே முகர்ந்து பார்த்தார். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயு அவருக்குப் புகழ் தந்தது. கார்பன் மோனாக்சைடு கலந்த மற்றொரு வாயு அவரை ஏறத்தாழக் கொன்றுவிட்டது. சிரிப்பு வாயு நோவை மறக்கச் செய்வதால் அறுவை சிகிச்சைக்கு உதவக்கூடும் என்றும் 1800-இல் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகம் அவ்வரியைப் பொருட்படுத்தாதிருந்ததை நினைத்தால், அக்காலத்தில் கத்தியின்கீழ்த் துடித்தவர்களுக்காக இன்றும் நம் நெஞ்சு வருந்துகிறது.

அதே 1800-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வோல்ட்டா என்பவர் இருவேறு உலோகத் தகடுகளை மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடைவிடாத மின்னோட்டம் பெற்றுவிட்டார். உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதாலேயே மின்சாரம் பிறக்கிறது என்பது வோல்ட்டாவின் எண்ணம். டேவி அதனை மறுத்தார். துத்தநாகம் கரைந்து அழிகிறதே, அந்த இரசாயன மாற்றமன்றோ மின்சாரத்தின் ஊற்று என்று கேட்டார். இங்கே அவர் கணிப்பு தவறவில்லை. அடுப்பில் விறகு எரிவது போல மின்கலத்தில் துத்தநாகம் செலவாகிறது. வெப்பமாக வெளிவர வேண்டிய ஆற்றல் கம்பியின் வழியே மின்னோட்டமாகப் போகிறது.

1801-இல் லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. மறு ஆண்டே பேராசிரியரானார். அழகிய தோற்றமும் கவிஞருள்ளமும் வாய்ந்த அவர் சோதனைகளைச் செய்து காட்டிப் பேசும்போது, சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டு வந்தனர். அவர் சொற்பொழிவு நாட்களில் வண்டிகள் நெருங்கியதால்தான் ஆல்பிமார்ல் தெரு லண்டனின் முதல் ஒருவழித் தெருவாயிற்று என்பர். தோல் பதனிடுதல், உழவு இரசாயனம் என்று எத்தனையோ பொருள்பற்றிப் பேசவும் ஆராயவும் பணிக்கப்பட்டார். வெஜ்வுட் என்பவரோடு சேர்ந்து, வெள்ளியுப்புப் பூசிய தாளில் ஒளியால் நிழலுருவம் பதிக்கும் முறையை 1802-இல் வெளியிட்டார். உருவத்தை நிலைக்கச் செய்யும் வழி மட்டும் அவர்களுக்கு அகப்படவில்லை. அகப்பட்டிருப்பின் புகைப்படக் கலை ஒரு தலைமுறை முந்திப் பிறந்திருக்கும்.

இவற்றுக்கிடையே மின்கலத்தை அவர் மறக்கவில்லை. இரசாயன மாற்றம் மின்சாரத்தைத் தருமாயின், மின்சாரம் இரசாயன மாற்றத்தைத் தராதோ? 1807 அக்டோபரில் உருகிய பொட்டாஷ் உப்பினூடே வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். பாதரசம் போன்ற சிறு மணிகள் தோன்றின. சில தோன்றிய கணமே சுடர்விட்டு வெடித்தன. பொட்டாசியம் என்னும் புதிய உலோகம் அது. அதனைக் கண்ட டேவி ஆய்வுக்கூடத்தில் துள்ளிக் குதித்து ஆடியதை, உதவியாளராயிருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி குறித்து வைத்திருக்கிறார். அந்த உலோகத் துணுக்கை நீரில் இட்டால் நீரின்மேல் ஓடி இளமூதாச் சுடரோடு எரியும். நீரில் தீ! சில நாட்களில் சோடியம். மறு ஆண்டில் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மெக்னீஷியம். இங்கிலாந்தும் பிரான்சும் கடும் போரில் ஈடுபட்டிருந்த அந்நாளிலேயே, மின்னியல் ஆராய்ச்சிக்காக நெப்போலியன் ஏற்படுத்திய பரிசைப் பாரிஸ் அறிஞர் கழகம் இவ்வாங்கிலேயருக்கு அளித்தது. ஏற்கலாகாது என்று உள்நாட்டில் சிலர் முணுமுணுத்தனர். அவர் ஏற்றுக்கொண்டார்.

இனி அப்பேரொளியைக் காண்போம். சந்தாதாரர்கள் தந்த பொருளைக் கொண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனின் நிலவறையில் பெரியதொரு மின்கல அடுக்கு அமைக்கப்பட்டது. பெட்டிக்குப் பத்து இணையாக 200 பெட்டிகள். ஆக 2,000 இணைத் தகடுகள், ஒவ்வொரு இணையிலும் செம்பு ஒன்று, துத்தநாகம் ஒன்று. பீங்கான் தொட்டிகளில் நீரோடு சிறிது கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து ஊற்றியிருந்தனர். இருபுறத்துக் கம்பிகளின் நுனியிலும் ஓர் அங்குல நீளமுள்ள மரக்கரித் துண்டைப் பொருத்தி, அவற்றை ஒன்றையொன்று நெருங்கச் செய்தார் டேவி. பொறி ஒன்று எழுந்தது. கரி பாதிக்குமேல் வெண்ணிறமாகக் கனன்றது. பின்னர் நுனிகளை மெல்ல விலக்கிய போதும் ஒளி அணையவில்லை. நான்கு அங்குல இடைவெளி வரை, சூடான காற்றினூடே, வானவில் போல வளைந்த ஒளிப்பாலம் ஒன்று நின்றது. அவ்வளைவினால் அதற்கு ஆங்கிலத்தில் ஆர்க் என்ற பெயர் வந்தது; வில்விளக்கு என நாம் சொல்லலாம். அவ்வொளியில் நீட்டிய பிளாட்டினம் மெழுகு போல் உருகியது. எளிதில் உருகாத சுண்ணாம்பும் படிகக்கல்லும் நீலக்கல்லும் உருகின. 1812-இல் வெளிவந்த தம் நூலில் டேவி இவற்றையெல்லாம் எழுதியுள்ளார். ரஷ்யாவில் பெத்ரோவ் என்பவர் 1802-லேயே இத்தகைய ஒளியைக் கண்டு அடுத்த ஆண்டு நூலும் வெளியிட்டிருந்தார். அது ரஷ்ய மொழியில் இருந்தமையால் மேற்கு நாட்டார் அறியவில்லை. அந்நியர் படிக்காத மொழியில் எழுதியவருக்கு நேரும் கதி அது. தமிழராகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வில்விளக்கில் நிகழ்வது யாது? நுனிகள் தொடும்போது அச்சிறு முனையில் கடுஞ்சூடு உண்டாகிறது. விலகும்போது இடையிலுள்ள காற்றும் கரியாவியும் அணுச் சிதைந்து மின்னோட்டத்துக்கு வழிவிடுகின்றன. கரிநுனியின் வெப்பம் சுமார் 3,500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்கிறது. ஒளியின் பெரும்பகுதி இடைப்பாலத்திலிருந்து வருவதன்று, கனன்று நிற்கும் கரிநுனியிலிருந்தே வருகிறது. நம் ஊர்க் கொட்டகைகளில் முன்னாளில் திரைப்படம் காட்டியதும் இக்கரிக்குச்சி ஒளியைக் கொண்டுதான். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் அதனை நெருக்கிவிட வேண்டும். மறந்தால் திரை மங்கும், கொட்டகையில் சீழ்க்கை கிளம்பும்.

ஆனால் டேவியின் நாளில் இவ்வொளிக்கு எண்ணெய் ஊற்றியது துத்தநாகம். அமிலத்தில் கரையும் அவ்வுலோகத்தின் விலையோ எண்ணெயினும் பன்மடங்கு. அன்றியும் சிறிது நேரத்தில் கலத்தின் வலிமை குன்றிவிடும். ஆகவே அது சொற்பொழிவு மேடையின் வியப்பாகவே நின்றது.

1812 ஏப்ரலில் அரசப் பிரதிநிதி அவருக்கு சர் பட்டம் வழங்கினார். மூன்றாம் நாள் ஜேன் ஏப்ரீஸ் என்னும் செல்வக் கைம்பெண்ணை மணந்தார். அவ்வாண்டின் இறுதியில் வெடிக்கும் பொருள் ஒன்றை ஆராய்கையில் கண்ணில் காயமுற்றார். எழுத உதவியாளர் தேவைப்பட்டபோது, தம் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து அழகாகக் கட்டடம் செய்து அனுப்பியிருந்த புத்தகக் கட்டடத் தொழிலாளியை அழைத்தார். கருமான் மகனான அவ்விளைஞரே மைக்கேல் பாரடே. 1813 மார்ச் முதல் நாள் அவர் உதவியாளராக அமர்த்தப்பட்டார். இலையுதிர் காலத்தில் டேவி தம்பதியர் நெப்போலியனின் தனி அனுமதியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயும் சென்றார். சீமாட்டி டேவி அவரை ஏவலாளாகவே நடத்தினார். இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில், தஸ்கனி கோமகனுக்குரிய பெரிய ஆடியினால் ஞாயிற்றின் கதிரைக் குவித்து, ஆக்சிஜன் நிறைந்த கலத்தில் வைரத்தை எரித்தார்கள். வைரம் எரிந்து கரியமிலவாயு ஆயிற்று. மன்னர் முடியிலிருப்பதும் அடுப்பங்கரையில் கிடப்பதும் ஒரே பொருள் என்பதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்தது.

1815-இல் தாயகம் திரும்பிய டேவிக்குக் கடிதம் ஒன்று காத்திருந்தது. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வாயு கசிந்து, தொழிலாளரின் மெழுகுவத்திச் சுடரில் பற்றி வெடிப்பது வழக்கமாகியிருந்தது. நம் சிற்றூர்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சும் சதுப்புநில ஒளிக்குக் காரணமாகக் கூறப்படுவதும் இவ்வாயுவே. 1812 மே 25 அன்று பெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் மாண்டனர்; அவருட் பலர் சிறுவர். விளக்கின்றி வெட்ட இயலாது. விளக்கோடு போனால் உயிருக்கு உறுதியில்லை. இத்துயரம் நமக்கும் தொலைவானதன்று. அப்போது பீகாரைச் சேர்ந்திருந்த தோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 268 பேர் உயிரிழந்தனர். கொல்கத்தாவின் தொழிற்சாலைகளுக்குக் கரி தந்த வட்டாரங்கள் இப்படியும் விலை கொடுத்திருக்கின்றன.

அவ்வாண்டு ஆகஸ்டில் டேவி நேரே சென்று சுரங்கங்களைப் பார்த்தார். வாயுவைக் குப்பிகளில் வருவித்து ஆராய்ந்தார். அது பற்றுவதற்கு மற்ற எரிவாயுக்களைவிட மிகுந்த சூடு வேண்டும் என்றும், ஒடுங்கிய உலோகக் குழாயில் வெடிப்பு பரவுவதில்லை என்றும் கண்டார். ஏன்? உலோகம் சூட்டை விரைந்து உறிஞ்சுவதால் சுடர் குழாயைக் கடக்குமுன் குளிர்ந்து அவிகிறது. குழாயைக் குறுக்கிக்கொண்டே வந்தால் என்னாகும்? குழாய் துளையாகும், துளைகள் சேர்ந்தால் வலையாகும். இப்படிப் படிப்படியே சிந்தித்துச் சென்று, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலையால் ஓர் உறையிட்டார். அங்குலத்துக்கு 28 கண். சதுர அங்குலத்தில் 784. வாயு உள்ளே வரலாம், எரியலாம். தீ வெளியே போகாது. அன்றியும் வாயு மிகுந்தால் உள்ளிருக்கும் சுடர் நீண்டு நீலநிறம் காட்டும். விளக்கே அபாயத்தை அறிவிக்கும் காவலன் ஆயிற்று. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அது முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. இவ்வேலையில் பாரடே துணை நின்றதை டேவி எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காப்புரிமை பெற்றால் ஆண்டுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் பவுன் வரும் என்று சுரங்க நிபுணர் ஜான் பட்டில் எடுத்துரைத்தும் டேவி இணங்கவில்லை. எவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். புகழைப் பெரிதும் விரும்பியவர், பொருளை இங்கே வேண்டாமென்றார். சுரங்க முதலாளிகள் 1817-இல் அவருக்கு ஏறக்குறைய 2,500 பவுன் மதிப்புள்ள வெள்ளிக் கலங்களைப் பரிசளித்தனர். ஆனால் அதே வேளையில் கில்லிங்வொர்த் சுரங்கத்தின் இயந்திரப் பணியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன், ஏட்டுக் கல்வி சிறிதே பெற்றவர், தாமே ஒரு விளக்கை அமைத்திருந்தார். அவர் தம்மிடமிருந்து திருடினார் என்று டேவி கடுமையாகத் தாக்கினார். இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே வரலாற்றாசிரியர் முடிவு. மருந்துக்கூடத்திலிருந்து தம் முயற்சியால் உயர்ந்த ஒருவர், இயந்திரக் கொட்டிலிலிருந்து எழுந்த மற்றொருவரை நம்ப மறுத்தது வியப்பே.

விளக்கு உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் எதிர்பார்த்தபடி விபத்துகள் ஒழியவில்லை. பாதுகாப்பான விளக்கு உண்டென்ற துணிவில், வாயு மிகுந்ததென்று மூடியிருந்த சுரங்கங்களையும் முதலாளிகள் திறந்து ஆட்களை இறக்கினர். வலை துருப்பிடித்தது, வேகமான காற்றில் தீ அதனைக் கடந்தது. வலையினூடே வந்த ஒளி மிகவும் மங்கலாதலால், கூலி வெட்டிய கரியின் அளவுக்கு என்றிருந்த தொழிலாளர் சிலர் உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்தனர். கண்கூசும் ஒளி மேடையில் பயனற்று நிற்க, உயிர் காக்கும் ஒளி கண் தெரியாதபடி மங்கியிருந்தது.

இவ்விளக்கை ஆராய்ந்தபோதுதான் டேவியின் பழைய கேள்விக்கு விடை கிட்டியது என்பேன். ஒரே வாயு சில சமயம் பிரகாசமாகவும், காற்று மிகுந்தால் ஒளி குன்றியும் எரிவதை அவர் கண்டார். பிரகாசமான சுடரில் வைத்த பொருளின்மேல் கரி படிந்தது. ஒளியற்ற சுடரில் படியவில்லை. ஆகவே, எண்ணெயும் மெழுகும் எரிகையில் கரி நுண்துகளாகப் பிரிந்து, சுடரின் சூட்டில் கனன்று, பின்பே எரிந்து மறைகிறது. நாம் காணும் மஞ்சள் ஒளி அத்துகள்களின் ஒளியே. விளக்குச் சுடரில் புகை பிடித்துக் கண்மை கூட்டிய நம் பாட்டிமார் அக்கரியைக் கையில் எடுத்தவர்கள். அதுவே ஒளியின் இருப்பிடம் என்று காட்டியவர் டேவி. வில்விளக்கில் மின்சாரம் கரியைக் கனலச் செய்கிறது. அகல்விளக்கில் இரசாயன மாற்றம் கரியைக் கனலச் செய்கிறது. ஒளி ஆக்சிஜனில் ஒளிந்திருந்த பொருளன்று. 1817-இல் அவர் இன்னும் ஒன்று கண்டார். சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை வாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால், சுடரே இன்றிக் கம்பி கனன்றுகொண்டிருக்கும். கம்பியின்மேல் வாயு சத்தமின்றி எரிகிறது, கம்பியோ குறைவதில்லை. விளக்கு அவிந்தபின்னும் வழி காட்டட்டும் என்று அக்கம்பிச் சுருளை விளக்கினுள்ளே வைத்தார். மின்மினியின் குளிர்ந்த ஒளியும், இன்று நம் வீடுகளை நிரப்பியுள்ள எல்.இ.டி. விளக்கும் கனலாமலே ஒளிர்வன. அவற்றின் கதை வேறு.

1820-இல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். அப்பதவி அவருக்கு அமைதி தரவில்லை. போர்க்கப்பல்களின் செப்புத் தகடு அரிக்காமலிருக்க அவர் கண்ட முறை அரிப்பைத் தடுத்தது. ஆனால் தகட்டில் சிப்பிகள் அப்பிக்கொண்டன. 1824-இல் பாரடேயை உறுப்பினராக்க மற்றவர் முன்வந்தபோது தலைவராகிய டேவி எதிர்த்தார். மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதனை மறைத்துப் பயனில்லை. பாரடே மட்டும் இறுதிவரை ஆசானைப் பற்றி மதிப்போடே பேசினார். 1826-இன் இறுதியில் டேவி பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். பின்னர் மலைநாடுகளில் அலைந்து, மீன் பிடித்து, நூல் எழுதிக் காலம் கழித்தார். ரோமில் நோயுற்றுக் கிடந்தபோதும், மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனை ஆராய்வதை விடவில்லை. 1829 மே 29 அன்று ஜெனீவா நகரில், ஐம்பது வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டே ஆண்டுகளில், 1831-இல், காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் பெறும் வழியைப் பாரடே கண்டார். துத்தநாகம் வேண்டாமற் போயிற்று. 1858-இல் இங்கிலாந்தின் தென்கரைக் கலங்கரை விளக்கம் ஒன்றில் வில்விளக்கு ஏற்றிச் சோதிக்கப்பட்டது. நாம் வாழும் இக்கொல்கத்தா நகரில் 1879 ஜூலையில் மின்னொளி முதன்முதலாகக் காட்டப்பட்டது.

வெள்ளிக் கலங்களைத் தம் மனைவிக்கும், அவருக்குப்பின் தம்பி ஜான் டேவிக்கும், வாரிசு இல்லையேல் ராயல் சொசைட்டிக்கும் உரியதாகுமாறு டேவி உயில் எழுதியிருந்தார். 1868-இல் ஜான் இறந்தபின் அவை சொசைட்டியை அடைந்தன. அவற்றை உருக்கி விற்ற பணத்தை முதலாக வைத்து, இரசாயனத்தில் சிறந்த கண்டுபிடிப்புக்கு டேவி பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. 1877-இல் முதற்பதக்கம் பெற்றவர்கள் புன்சன், கிர்க்காப் என்னும் இருவர். பொட்டாசியம் இளமூதாவாகவும் சோடியம் மஞ்சளாகவும் எரிவது போல, ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்கே உரிய ஒளிவரிகளைக் காட்டும் என்றும், அவ்வரிகளைக் கொண்டே பொருளை அறியலாம் என்றும் நிறுவியமைக்காக அவர்களுக்கு அது அளிக்கப்பட்டது.